கிணற்றில் இறங்கும் முன்: வாயு மீட்டர் கத்தினால் என்ன செய்வது?

போன சித்திரையில் எங்கள் பழைய கிணற்றில் ஃபுட்வால்வு அடைத்துக்கொண்டது. வாலாஜாபேட்டைப் பக்கத்துக் கிணறு எப்படி இருக்கும் என்று உங்களில் பலருக்குத் தெரியும். மேலே கல் கட்டு, கீழே பாறை, அறுபது அடிக்கு அப்புறம் முழங்கால் அளவு தண்ணீர். அந்தக் கிணற்றில் இரண்டு வருஷமாக யாரும் இறங்கவில்லை. அதனால் கிணற்று மேஸ்திரியை வரச் சொன்னேன். எங்கள் குழுவின் வாயு மீட்டரையும் எடுத்துக்கொண்டேன்.

மீட்டரை நைலான் கயிற்றில் கட்டி மெதுவாக இறக்கினோம். நாற்பது அடி தாண்டியதும் கீழிருந்து கத்த ஆரம்பித்தது. மேலே இழுத்தேன். வெளியே வந்த பிறகும் கத்திக்கொண்டே இருந்தது. காது வலிக்குதே என்று பொத்தானை அழுத்தினேன். சத்தம் நின்றது. திரையில் ஆக்சிஜன் 20.9, மற்றதெல்லாம் பூஜ்யம்.

மேஸ்திரி எட்டிப் பார்த்தார். "இப்போ சரியா கீது சார். எறங்கட்டா?" என்று கேட்டபடியே ஒரு காலை ஏணியில் வைத்துவிட்டார்.

நானும் ஒரு நொடி தலையாட்டப் பார்த்தேன். அந்த 20.9 கிணற்று மேட்டில் என் கையில் இருந்த காற்றின் அளவு என்பது அப்புறம்தான் உறைத்தது. கீழே என்ன இருந்தது என்பது மீட்டரின் நினைவில் இருந்தது. பொத்தானை இரண்டு முறை தட்டி அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். ஆக்சிஜன் குறைந்தபட்சம் 18.1. மேஸ்திரியின் தோளைப் பிடித்து மேலே இழுத்தேன்.

அன்றைக்கு நான் செய்ததற்குப் பெயர் 'ரீசெட்'. அந்த ஒரே சொல்லை நாலைந்து வேறு வேறு காரியங்களுக்குச் சொல்கிறோம். குழம்பிப்போனால் ஆள் போய்விடும். குழுவில் மீட்டர் வாங்கியவர்களும் வாங்க நினைப்பவர்களும் அடிக்கடி கேட்பதால் எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். நான் முப்பது வருஷம் வங்கியில் லெட்ஜர் பார்த்தவன், கருவி நிபுணன் கிடையாது. மீட்டரோடு வரும் கையேட்டையும் கட்டாயம் படியுங்கள்.

முதலில், இயற்கை விவசாயிக்கு இது எதற்கு? நம்மிடம் கிணறு இருக்கிறது, சாண எரிவாயுக் கலன் இருக்கிறது, சாணக் கரைசல் தொட்டி இருக்கிறது. சிலரிடம் ஊறுகாய்ப்புல் குழியும் இருக்கிறது. மருந்து அடிக்காத நிலம் என்பதால் விஷம் இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். மக்குவதும் புளிப்பதும் நடக்கிற இடத்தில் எல்லாம் வாயு வரும். மூடிய குழியில் அது தங்கும்.

பெரும்பாலும் கிடைப்பது நாலு வாயு மீட்டர். ஒரு நல்ல கறவை மாட்டு விலை ஆகும் என்பதால் நாங்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து வாங்கினோம். அது காட்டும் நாலு எண்கள் இவை. ஆக்சிஜன், நல்ல காற்றில் 20.9 சதவீதம், 19.5-க்குக் கீழே போனால் கத்தும். எரியும் வாயு, அதாவது நமக்கு மீத்தேன். இதை எல்.இ.எல். என்ற கணக்கில் சொல்லும். மீத்தேன் காற்றில் 5 சதவீதம் சேர்ந்தால் தீப்பிடிக்கும். அந்த 5 சதவீதத்தை நூறு என்று வைத்துக்கொண்டு, பத்தில் முதல் அலாரம் அடிக்கும். மூன்றாவது கார்பன் மோனாக்சைடு, 35 பிபிஎம்மில் அலாரம். கிணற்றுக்குள் திட்டில் ஆயில் இன்ஜினை இறக்கி ஓட்டிய காலத்தில் பலரைக் கொன்றது இதுதான். நாலாவது ஹைட்ரஜன் சல்பைடு, அழுகிய முட்டை நாற்றம். 10 பிபிஎம்மில் கத்தும். 100-ஐத் தாண்டினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. 'நாத்தம் போயிடுச்சு, இனி எறங்கலாம்' என்று நினைப்பது அந்த நேரத்தில்தான்.

இனி ரீசெட்டுக்கு வருவோம்.

முதலாவது, சத்தத்தை நிறுத்துவது. மீட்டரில் அலாரம் 'பூட்டிக்கொள்ளும்' அமைப்பு உண்டு. ஒருமுறை கத்தினால், வாயு போன பிறகும் யாராவது பொத்தானை அழுத்தும் வரை நிற்காது. இதைத் தொந்தரவு என்று பலர் அணைத்து வைக்கிறார்கள். அணைக்காதீர்கள். கயிற்றில் இறக்கிப் பார்க்கும் நமக்கு இது மிக முக்கியம். அறுபது அடி ஆழத்தில் கத்தியது, மோட்டார் சத்தத்திலும் காற்றிலும் மேலே கேட்காமல் போகலாம். பூட்டு இருந்தால் மேலே வந்த பிறகும் கத்திக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது, உச்ச அளவை அழிப்பது. கடைசியாக அழித்ததிலிருந்து பார்த்த அதிகபட்ச வாயுவையும் குறைந்தபட்ச ஆக்சிஜனையும் மீட்டர் நினைவில் வைத்திருக்கும். ஒவ்வொரு முறை இறக்கும் முன்பும் இதை அழிக்க வேண்டும். இல்லாவிட்டால் நேற்று வேறொருவர் கிணற்றில் பார்த்த எண்ணை இன்று உங்கள் கிணற்றுக்குப் படித்துக்கொண்டிருப்பீர்கள். மேலே எடுத்த பிறகு, எதையும் அழுத்தி அழிக்கும் முன் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். என் வழக்கம்: அழி, இறக்கு, அடியில் மூன்று நிமிடம் விடு, எடு, எழுது, அப்புறம் சத்தத்தை நிறுத்து.

மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என்று மூன்று மட்டத்திலும் பார்க்க வேண்டும். மீத்தேன் காற்றைவிட லேசு, மேலே ஏறும். ஹைட்ரஜன் சல்பைடும் கரியமில வாயுவும் கனம், அடியில் தங்கும். ஒவ்வொரு மட்டத்திலும் நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். உணரிக்கு வாயு போய்ச் சேர நேரம் ஆகும்.

மூன்றாவது, பூஜ்யம் வைப்பது. தப்பு நடக்கிற இடம் இதுதான். நானே செய்தேன்.

பல மீட்டர்கள் ஆன் செய்ததும் 'நல்ல காற்றில் இருக்கிறாயா, பூஜ்யம் வைக்கட்டுமா' என்று கேட்கும். நாம் 'சரி' என்றால், அப்போது அதைச் சுற்றி இருக்கும் காற்றையே சுத்தமான காற்று என்று எடுத்துக்கொள்ளும். ஆக்சிஜனை 20.9 என்றும் மற்றதைப் பூஜ்யம் என்றும் எழுதிக்கொள்ளும். ஒரு நாள் காலை அவசரத்தில் கொட்டகையில் பவர் டில்லர் ஓடிக்கொண்டிருக்க, பத்தடி தள்ளி நின்று நான் 'சரி' அழுத்திவிட்டேன். புகையில் இருந்த கார்பன் மோனாக்சைடு மீட்டருக்குப் பூஜ்யமாகிவிட்டது. வயலுக்கு வந்து திரையைப் பார்த்தால் அந்தக் கட்டத்தில் மைனஸ்! மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். கெட்டது மீட்டர் இல்லை. தொடக்க இருப்பைத் தப்பாக எழுதினால் அன்றைய வரவு செலவு எல்லாம் டேலி ஆகும், ஆனால் பெட்டியில் பணம் இருக்காது. வங்கியில் அதைக் கண்டுபிடிக்க ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்திருக்கிறேன். இங்கே கண்டுபிடிக்க நேரம் கிடைக்காது. அந்த நிலையில் ஆயில் இன்ஜின் புகை தங்கிய கிணற்றில் இறக்கியிருந்தால், 35-ல் கத்த வேண்டியது அறுபதில்தான் கத்தியிருக்கும்.

நல்ல காற்றில் மைனஸ் காட்டினால் பெரும்பாலும் அர்த்தம் இதுதான்: கெட்ட காற்றில் பூஜ்யம் வைத்திருக்கிறோம். திறந்த வயலுக்குப் போய், காற்று வரும் திசைப் பக்கம் நின்று, சில நிமிடம் விட்டு மறுபடி பூஜ்யம் வையுங்கள். தொழுவம், சாணத் தொட்டி, சமையல் அடுப்பு, ஓடும் வண்டி எதுவும் பக்கத்தில் கூடாது. அளவு மிக அதிகமாக இருந்தால் நல்ல மீட்டர் பூஜ்யம் வைக்க மறுத்துவிடும். கொஞ்சமாக இருந்தால் ஏமாந்துவிடும். கிணற்று வாயில் நின்றுகொண்டு, கத்துகிற மீட்டருக்கு 'ரீசெட் பண்ணிப் பார்ப்போம்' என்று பூஜ்யம் வைப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதைவிட மீட்டரே இல்லாமல் இருப்பது மேல்; பயமாவது இருக்கும்.

நாலாவது, கேலிபரேஷன். அளவு தெரிந்த வாயு உள்ள சிறிய சிலிண்டரை வைத்து, உணரி காட்டுவது சரியா என்று திருத்துவது. சென்னையில் செய்து தருகிறார்கள். நாங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அனுப்புகிறோம். அந்தச் சிலிண்டருக்கும் காலாவதித் தேதி உண்டு, கேட்டுப் பாருங்கள். ஐந்தாவது, தொழிற்சாலை அமைப்புக்கு மாற்றும் ரீசெட். அதைத் தொடாதீர்கள். அலாரம் அளவுகளும் கேலிபரேஷன் பதிவும் என்ன ஆகும் என்பது மீட்டருக்கு மீட்டர் வேறு.

சரி, எந்த ரீசெட்டுக்கும் அடங்காத கோளாறுகள் சில உண்டு.

ஆக்சிஜன் நல்ல காற்றில் 20.9-க்கு வராமல் 20, 19 என்று நாளுக்கு நாள் இறங்கினால் உணரி வயதாகிவிட்டது. பல மீட்டர்களில் ஆக்சிஜன் உணரிக்கு ஆயுசு இரண்டு வருஷம் போல. உள்ளே இருக்கும் ஈயம் கரைந்து வேலை செய்யும் வகை என்றால், பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தாலும் தேயும். அதனால் பழைய மீட்டரை மலிவாகத் தருகிறேன் என்று யாராவது வந்தால் முதலில் உணரியின் தேதியைக் கேளுங்கள்.

எரியும் வாயுக் கட்டத்தில் எண்ணுக்குப் பதில் 'ஓவர்' என்று வந்து அப்படியே நின்றுவிட்டால், அது வேண்டுமென்றே நிற்கிறது. இந்த உணரி மீத்தேனைக் குட்டியாக எரித்துப் பார்த்துத்தான் அளக்கிறது. எரிய ஆக்சிஜன் வேண்டும். சாண எரிவாயுக் கலனுக்குள் மீத்தேன் பாதிக்கு மேல், ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. அங்கே உணரியால் எரிக்க முடியாது. எண் மேலே போய் மறுபடி கீழே இறங்கும். பார்க்கிறவர் வாயு குறைந்துவிட்டது என்று நினைப்பார். அதைத் தடுக்கத்தான் ஒருமுறை எல்லை தாண்டினால் 'ஓவர்' என்றே பூட்டிக்கொள்கிறது. நல்ல காற்றுக்கு வந்து அணைத்து மறுபடி ஆன் செய்தால் விடுபடும். ஆனால் அந்த உணரி அடிபட்டிருக்கலாம், சோதிக்காமல் நம்பக்கூடாது. ஆக்சிஜன் மிகக் குறைவாகக் காட்டும்போது எரியும் வாயுவின் எண்ணை நம்பவே வேண்டாம்.

இதே உணரிக்கு எமன் சிலிக்கோன். பம்பு வாஷருக்குப் போடும் சிலிக்கோன் கிரீஸ், ஒட்டும் பசை, வண்டி பளபளக்க அடிக்கும் ஸ்பிரே எல்லாம் அதன் மேல் படிந்து சத்தமில்லாமல் செயலிழக்க வைக்கும். திரையில் பூஜ்யம் காட்டும், எல்லாம் நன்றாக இருப்பது போலவே இருக்கும். நம்ம பக்கத்தில் தோலுக்கு மெருகு ஏற்றும் இடங்களிலும் சிலிக்கோன் கலந்த பூச்சுகள் உண்டு; அந்த மாதிரி இடத்தில் மீட்டரை வைக்காதீர்கள்.

காரணமில்லாமல் கார்பன் மோனாக்சைடு காட்டுகிறதா? இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஆகும் அறையில் இருக்கிறீர்களா என்று பாருங்கள். பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜனை இந்த உணரி மோனாக்சைடு என்று எடுத்துக்கொள்ளும். கையில் சானிடைசர் தடவிக்கொண்டு மீட்டரைத் தொட்டாலும் கத்தும். எங்கள் வீட்டில் ஒரு மாதம் இதற்குப் பேய் என்று பெயர்.

மீட்டர் ஒழுங்காக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு முறை பயன்படுத்தும் முன்பும் சோதனை வாயுவைச் சில நொடி காட்டி, கத்துகிறதா என்று பார்ப்பதே முறை. சின்ன சிலிண்டர் ஒன்று குழுவில் வைத்துக்கொள்ளலாம். அவசரத்துக்கு, உணரி மேல் கையைக் குவித்து மூச்சை மெதுவாக விடலாம். நாம் விடும் மூச்சில் ஆக்சிஜன் 16, 17 சதவீதம்தான். ஆக்சிஜன் அலாரம் அடிக்க வேண்டும். ஆனால் மற்ற மூன்றைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. சிகரெட் லைட்டர் வாயுவைப் பீய்ச்சிச் சோதிக்காதீர்கள், எரியும் வாயு உணரி அதிலேயே போய்விடும்.

இப்போது மீட்டர் நன்றாக இருந்தும் காட்டாத ஒன்றைச் சொல்ல வேண்டும். கரியமில வாயு. சாதாரண நாலு வாயு மீட்டரில் அதற்கு உணரியே கிடையாது. கிணற்றில் அதிகம் தங்குவது அதுதான். அப்புறம் எப்படித் தெரியும்? கணக்குப் போடுங்கள். காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன். வேறு வாயு உள்ளே வந்து காற்றைத் தள்ளினால், ஆக்சிஜன் ஒரு புள்ளி குறைய, வந்த வாயு கிட்டத்தட்ட ஐந்து பங்கு இருக்க வேண்டும். ஆக்சிஜன் 19.9 என்றால் மீட்டர் கத்தாது. ஆனால் நூற்றுக்கு ஐந்து பங்கு கரியமில வாயு இருக்கலாம். நாலு சதவீதத்தையே உயிருக்கு ஆபத்தான அளவு என்று வைத்திருக்கிறார்கள். எங்கள் கிணற்றின் 18.1-ஐ இப்படிப் பார்த்தால் நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு வேறு ஏதோ! அதனால் எங்கள் குழுவில் கிணற்றுக்கு 19.5 என்ற அலாரத்தை நம்புவதில்லை. 20.5-க்குக் கீழே இருந்தால் இறங்கக்கூடாது என்று வைத்திருக்கிறோம். ஈரத்தினால் மட்டுமே இரண்டு மூன்று தசமம் குறையலாம், உண்மைதான். அப்போதும் காற்று ஊதிவிட்டு மறுபடி பார்த்தால் நஷ்டம் ஒன்றுமில்லை.

"அரிக்கேன் விளக்கை எறக்கிப் பார்த்தா போதாதா சார்?" என்று மேஸ்திரி கேட்டார். அவர் அப்பா காலத்து முறை. விளக்கு அணைந்தால் ஆக்சிஜன் குறைவு என்று தெரியும், அது சரிதான். ஆனால் மெழுகுவத்தி போன்ற சுடர் ஆக்சிஜன் 16, 17-க்கு வரும் வரை எரியும். ஹைட்ரஜன் சல்பைடையும் மோனாக்சைடையும் அது சொல்லாது. மீத்தேன் இருந்தால் விளக்கே வெடிக்கு வத்தி வைத்துவிடும். வேப்பங்கிளையைக் கட்டி மேலும் கீழும் இழுப்பது, தண்ணீரை வாரி ஊற்றுவது எல்லாம் காற்றைக் கொஞ்சம் கலக்கும். செய்யலாம். ஆனால் அளந்ததாக ஆகாது.

சென்ற ஆண்டு ஒருவர் மீட்டரை இரவல் கேட்டு வந்தார். சின்ன தோல் பட்டறை வைத்திருப்பவர், தெரிந்தவர்தான். கழிவுத் தொட்டியில் ஆள் இறக்க வேண்டுமாம். "அரை மணி நேரம் குடுங்க சார், பார்த்துட்டு குடுத்துடறேன்." நான் கொடுக்கவில்லை. கோபித்துக்கொண்டு போனார், இன்னும் பேசுவதில்லை.

மீட்டர் மேல் இருந்த ஆசையால் மறுக்கவில்லை. தோலில் முடி நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுகிறார்கள். அந்தத் தண்ணீரோடு அமிலம் கலந்த தண்ணீர் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். கசடு அசையாமல் கிடக்கும் வரை மேலே மீட்டர் பூஜ்யம் காட்டும். ஆள் இறங்கி மண்வெட்டியால் கிளறியதும் குப்பென்று வரும். இறங்கும் முன் எடுத்த அளவு அதற்கப்புறம் செல்லாது. நம் சாணக் கரைசல் தொட்டியும் இப்படியேதான்: மேலே ஏடு காய்ந்து கிடக்கும், உடைத்தால் வாயு. எனவே மீட்டர் இறங்கும் ஆளின் நெஞ்சுப் பக்கத்தில், மூக்குக்கு அருகே, வேலை முடியும் வரை மாட்டியிருக்க வேண்டும். மேலே இருவர், கயிறு, இடுப்பு வார் வேண்டும். அந்தப் பட்டறைக்காரரிடம் இதில் எதுவும் இல்லை. என் மீட்டரின் பூஜ்யம் மட்டும்தான் வேண்டும்.

1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ம் பிரிவிலேயே எழுதி வைத்தார்கள்: இப்படிப்பட்ட தொட்டிக்குள் ஆள் போக வேண்டுமென்றால், தகுதி உள்ளவர் தானே சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும், இல்லையேல் சுவாசக் கருவியும் கயிறு கட்டிய வாரும் வேண்டும். கையெழுத்தின் கனம் வங்கிக்காரனுக்குத் தெரியும். நான் அந்தத் தகுதி உள்ளவன் இல்லை.

எங்கள் பக்கத்தில் கழிவுத் தொட்டி என்றால் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் கொட்டி, பத்துப் பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பத்து வருஷம் கழித்து, 2025 பிப்ரவரி 2-ல், அதே மேற்கு வங்கத்தின் கொல்கத்தா தோல் வளாகத்தில் பாதாளச் சாக்கடைக் குழியில் இறங்கிய மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். நாலு நாள் முன்புதான், கொல்கத்தா, சென்னை உட்பட ஆறு பெருநகரங்களில் ஆளை இறக்கிச் சாக்கடை சுத்தம் செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது.

ஒருவர் கீழே மயங்கி விழுந்தால் மேலே இருப்பவர் பதறிப்போய் இறங்குவார். ஒரே கிணற்றில் அண்ணன், தம்பி, பக்கத்து வீட்டுக்காரர் என்று வரிசையாகப் போவது இப்படித்தான். இறங்காதீர்கள். காற்றை ஊதுங்கள், கயிறு கட்டியிருந்தால் இழுங்கள், 101 அல்லது 112-க்குக் கூப்பிடுங்கள்.

எங்கள் கிணற்றுக்கு வருகிறேன். வெல்டிங் பட்டறையிலிருந்து மின்சார ஊதல் விசிறி ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்தோம். பெட்ரோல் இன்ஜின் விசிறி வேண்டாம் என்றேன், அதன் புகையே கிணற்றுக்குள் போகும். விசிறி வாயில் பிளாஸ்டிக் படுக்கைக் குழாயைக் கட்டி, மறுமுனையை அடிவரை விட்டு இரண்டு மணி நேரம் ஓட்டினோம். மேஸ்திரி வேப்ப நிழலில் ஒரு தூக்கம் போட்டார். அப்புறம் உச்ச அளவை அழித்து, மூன்று மட்டத்திலும் பார்த்தோம்: 20.8, 20.8, 20.7. மற்றவை பூஜ்யம். விசிறியை நிறுத்தாமல், மீட்டரை அவர் சட்டையில் மாட்டி, இடுப்பில் கயிறு கட்டி இறக்கினோம். ஃபுட்வால்வில் ஒரு முழத் தேங்காய் நார். இருபது நிமிடத்தில் மேலே வந்துவிட்டார்.

"இன்னா சார், இன்னிக்கி ஒரு தபா கூட கத்தல" என்று மீட்டரைக் கழற்றிக் கொடுத்தார்.

தேதி, கிணறு, மூன்று எண்கள், யார் இறங்கினார் என்று நோட்டில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினேன். அந்த நோட்டு மீட்டர் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. குழுவில் யார் எடுத்துப் போனாலும் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஆன் செய்ய வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.